நான்கே பொருட்களில் ஒரு டார்ச் விளக்கு

ஒரு எல்இடி, மூன்று பென்சில் செல்கள் (ஏஏ அளவு), ஒரு சுவிட்ச், ஒரு மின்தடை. இவை இருந்தால் கையடக்கமான டார்ச் விளக்கு ஒன்றை ஒரே மாலையில் செய்து முடித்துவிடலாம். கொஞ்சம் வயர், இன்சுலேஷன் டேப், செல்களை வைக்க ஒரு ஹோல்டர் ஆகியவை உதிரிகள்.

எல்இடியையும் செல்லையும் எப்படியோ தொட வைத்து ஒளி வரவழைப்பது எளிது. அது ஏன் எரிகிறது, எத்தனை மணி நேரம் எரியும், எந்த இடத்தில் தவறினால் கருகிவிடும் என்பதையும் செய்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கட்சி. இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை, அந்த நான்கு பொருட்களில் மிகச் சிறியதும் மிக மலிவானதுமான மின்தடையைச் சுற்றியே இருக்கிறது. பல செய்முறைக் குறிப்புகள் ‘இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை’ என்று அதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. புதிதாகக் கற்க வருகிறவருக்குச் செய்யும் பெரிய கெடுதல் அது.

மூடிய பாதை

மின்சாரம் ஓட வேண்டுமென்றால் பாதை மூடியிருக்க வேண்டும். செல்லின் நேர்முனையில் தொடங்கி, சுவிட்ச், மின்தடை, எல்இடி எல்லாவற்றையும் கடந்து செல்லின் எதிர்முனைக்கே திரும்பி வந்து சேர வேண்டும். நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் விளக்கு எரியாது. சுவிட்சின் வேலையே அந்த இடைவெளியை வேண்டும்போது உண்டாக்குவதும் வேண்டும்போது அடைப்பதும்தான்.

எல்லாம் ஒரே வளையத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால் சுவிட்சை எந்த இடத்தில் வைத்தாலும் சரியாக இருக்கும். மின்தடையை எல்இடிக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்ற சந்தேகம் தொடக்கத்தில் எல்லோருக்கும் வரும். எங்கே வைத்தாலும் ஒன்றுதான். ஒற்றை வளையத்தில் எந்த இடத்தில் அளந்து பார்த்தாலும் ஒரே அளவு மின்னோட்டம்தான் இருக்கும். மின்தடை முன்னால் நின்று மறிப்பதில்லை. வளையம் முழுவதிலும் எவ்வளவு ஓடலாம் என்பதை அது தீர்மானிக்கிறது.

மூன்று அளவுகளை மனத்தில் பதித்துக்கொண்டால் மீதி எல்லாம் பிடிபட்டுவிடும். ஏரியில் நீர் எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறதோ அதைப் போன்றது மின்னழுத்தம். இதை வோல்ட்டில் சொல்கிறோம். வாய்க்காலில் நொடிக்கு எவ்வளவு நீர் ஓடுகிறதோ அது மின்னோட்டம், ஆம்பியரில் சொல்கிறோம். மடை எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அது மின்தடை. ஓம் என்ற அலகில் சொல்கிறோம். ஏரி நிரம்பித் தளும்பினாலும் மடை விடுகிற அளவுதான் வாய்க்காலுக்கு வரும். ஜெர்மானிய இயற்பியலாளர் ஜார்ஜ் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி இதைத்தான் கணக்காகச் சொல்கிறது: மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். நம் டார்ச்சுக்குத் தேவையான கணிதம் இந்த ஒரு வகுத்தல்தான்.

எல்இடியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

5 மில்லிமீட்டர் அளவுள்ள, தெளிந்த கண்ணாடி போலத் தெரிகிற வெள்ளை எல்இடி ஒன்றை எரியவிடாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு உலோகத் துண்டுகள் தெரியும். ஒன்று சிறியது, மற்றொன்று பெரியது. பெரிய துண்டின் தலையில் ஒரு குட்டிக் கிண்ணம் இருக்கும். அதற்குள் மஞ்சள் நிறப் பொட்டு ஒன்று ஒட்டியிருப்பதைக் காணலாம். வெள்ளை ஒளியின் இரகசியம் அந்த மஞ்சள்தான். அதன் அடியில் இருக்கும் குறைகடத்திச் சில்லு உமிழ்வது நீல ஒளி. அதில் ஒரு பகுதியை மஞ்சள் பூச்சு உறிஞ்சி மஞ்சள் ஒளியாக வெளியிடுகிறது. மீதி நீலமும் இந்த மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகின்றன.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியை உமிழும் எல்இடியை நிக் ஹோலோன்யாக் 1962-இலேயே செய்துவிட்டார். நீலம் மட்டும் பல ஆண்டுகள் போக்குக் காட்டியது. இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகியோர் காலியம் நைட்ரைடு என்ற பொருளோடு மல்லுக்கட்டி அதைச் சாதித்தார்கள். 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு இம்மூவருக்கும் கிடைத்தது. நம் கையில் இருக்கிற சிறு டார்ச்சுக்குப் பின்னால் இப்படி ஒரு உழைப்பு இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

நீலம் வந்ததால் நமக்கு ஒரு விளைவும் உண்டு. சிவப்பைவிட நீல ஒளித்துகளுக்கு ஆற்றல் அதிகம். அதனால் அதை உமிழச் செய்யவும் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். சிவப்பு எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட்டில் நன்றாக எரிந்துவிடும். வெள்ளை எல்இடிக்கு 3 முதல் 3.4 வோல்ட் வரை தேவை. ஒரு பென்சில் செல் 1.5 வோல்ட் தருகிறது. இரண்டைத் தொடராக, அதாவது ஒன்றின் நேர்முனை மற்றொன்றின் எதிர்முனையைத் தொடும்படி இணைத்தால் 3 வோல்ட். அது வெள்ளை எல்இடிக்கு வாசற்படி வரைதான் வரும். செல் புதிதாக இருக்கும்போது கொஞ்ச நேரம் எரிந்து, பிறகு மங்கத் தொடங்கும். மூன்றை இணைத்தால் 4.5 வோல்ட். தாராளமாகப் போதும், சற்று அதிகமாகவே இருக்கிறது. அந்த அதிகத்தை என்ன செய்வது என்பதற்குத்தான் மின்தடை.

எல்இடிக்கு முன்பின் உண்டு. நீளமான கால் நேர்முனைக்கு, குட்டையான கால் எதிர்முனைக்கு. கால்களை வெட்டிவிட்டீர்கள் என்றால் விளிம்பைத் தடவிப் பாருங்கள். வட்டமான விளிம்பில் ஓரிடம் மட்டும் தட்டையாக இருக்கும், அது எதிர்முனைப் பக்கம். மாற்றி இணைத்தால் மின்சாரம் ஓடாது, விளக்கு எரியாது. பெரும்பாலான எல்இடிகள் 5 வோல்ட் வரை தலைகீழ் இணைப்பைத் தாங்கும் என்பதால் 4.5 வோல்ட்டில் பயப்பட வேண்டாம், திருப்பிப் போட்டால் போதும். 9 வோல்ட் பேட்டரியில் இந்தச் சலுகை கிடையாது.

மின்தடை ஏன் தவிர்க்க முடியாதது

பழைய டார்ச்சுகளில் டங்ஸ்டன் இழை பல்பு இருந்தது. அதற்கு யாரும் மின்தடை போட்டதில்லை. காரணம், இழை சூடாகச் சூடாக அதன் மின்தடை தானே கூடிவிடும். குளிர்ந்த நிலையில் இருப்பதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு மின்தடை எரியும்போது வந்துவிடுகிறது. ஓட்டம் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் ஓட்டத்துக்குத் தடை கூடும். பல்பு தன்னைத் தானே அடக்கிக்கொள்கிறது.

எல்இடிக்கு அந்த அடக்கம் கிடையாது. 2.5 வோல்ட் கொடுத்தால் அநேகமாக ஒன்றும் ஓடாது. 3 வோல்ட்டை நெருங்கும்போது ஓட்டம் தொடங்கும். அதற்கு மேல் சில பத்தில் ஒரு பங்கு வோல்ட் கூட்டினாலே ஓட்டம் பல மடங்கு எகிறிவிடும். சூடேறும்போது நிலைமை இன்னும் மோசம்: சூடான எல்இடி அதே மின்னழுத்தத்தில் முன்பைவிட அதிகமாக இழுக்கும், அதனால் மேலும் சூடேறும். 5 மில்லிமீட்டர் எல்இடி தொடர்ந்து தாங்குவது பொதுவாக 20 மில்லிஆம்பியர் (ஆயிரம் மில்லிஆம்பியர் ஓர் ஆம்பியர்). அதை 4.5 வோல்ட்டோடு நேராக இணைத்தால் சில நொடி பளீரென்று எரியும். வெள்ளை ஒளியில் ஒரு நீலச் சாயல் ஏறும். பிறகு மங்கிவிடும், அல்லது ஒரேயடியாக அணைந்துவிடும்.

பொத்தான் செல் ஒன்றின் இரு பக்கமும் எல்இடியின் இரு கால்களைச் செருகி எரியவைக்கும் செய்முறையைப் பலரும் பார்த்திருப்பார்கள். அங்கே மின்தடை இல்லையே என்று கேட்கலாம். இருக்கிறது, செல்லுக்குள்ளேயே. சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் செல்லின் உள்மின்தடை அதிகம். அதனால் எல்இடி தப்பிக்கிறது. அந்தச் செல்லை நான் இந்தக் கட்டுரைக்குத் தேர்ந்தெடுக்காததற்கு வேறொரு காரணம் உண்டு. குழந்தைகள் அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். சிறு பிள்ளைகள் நடமாடும் வீட்டில் மூடி இல்லாமல் பொத்தான் செல் கிடக்கவே கூடாது.

இனி கணக்கு. மொத்தம் 4.5 வோல்ட். எல்இடி தனக்கென எடுத்துக்கொள்வது 3.2 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். மீதி 1.3 வோல்ட் மின்தடையின் மீது விழ வேண்டும். ஓட வேண்டியது 20 மில்லிஆம்பியர், அதாவது 0.02 ஆம்பியர். 1.3-ஐ 0.02-ஆல் வகுத்தால் 65 ஓம். 65 ஓம் என்ற மதிப்பில் மின்தடை கடையில் எளிதில் கிடைக்காது. புழக்கத்தில் உள்ள அடுத்த மதிப்பு 68 ஓம், அதை வாங்குங்கள். எப்போதும் கணக்கில் வந்ததற்கு அடுத்த பெரிய மதிப்பை எடுப்பதுதான் நல்ல பழக்கம். 100 ஓம்தான் கையில் இருக்கிறது என்றால் அதையே போடலாம். 13 மில்லிஆம்பியர் ஓடும். கண்ணுக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, செல்லோ கணிசமாக அதிக நாள் வரும். என்னைக் கேட்டால் 100 ஓமைத்தான் சொல்வேன்.

மின்தடையின் உடலில் நிறப் பட்டைகள் இருக்கும். 68 ஓமுக்கு நீலம், சாம்பல், கறுப்பு. 100 ஓமுக்குப் பழுப்பு, கறுப்பு, பழுப்பு. நான்காவதாகத் தங்க நிறப் பட்டை இருந்தால் மதிப்பு 5 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்று பொருள். நம் வேலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மின்தடையில் வெப்பமாக வீணாவது ஒரு வாட்டில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை என்பதால், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கால் வாட் மின்தடை தாராளமாகப் போதும். அதற்கு முன்பின் இல்லை, எப்படித் திருப்பியும் இணைக்கலாம்.

செய்யும் விதம்

முதலில் டார்ச்சின் உடலுக்குள் எதையும் திணிக்காதீர்கள். மேசையில் பரப்பிவைத்து இணைத்து, எரிகிறது என்று உறுதிசெய்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். இதில் அவசரப்படுகிறவர்கள்தான் பிறகு எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டிக்கொண்டிருப்பார்கள்.

மூன்று செல் ஹோல்டரிலிருந்து சிவப்பு, கறுப்பு என இரண்டு வயர்கள் வரும். ஹோல்டரில் சுருள்வில் இருக்கும் பக்கம் செல்லின் தட்டையான அடிப்பாகம் தொட வேண்டும். சிவப்பு வயரைச் சுவிட்சின் ஒரு காலில் இணையுங்கள். மூன்று கால்கள் கொண்ட நகர்த்தும் சுவிட்ச் என்றால் நடுக்காலையும் ஓரக்கால்களில் ஏதாவது ஒன்றையும் பயன்படுத்தினால் போதும். சுவிட்சின் இன்னொரு காலிலிருந்து மின்தடைக்கு, மின்தடையின் மறுமுனையிலிருந்து எல்இடியின் நீளக் காலுக்கு. எல்இடியின் குட்டைக் காலில் கறுப்பு வயர். வளையம் முடிந்தது.

ஈயம் வைத்துப் பற்றவைக்கத் தெரிந்தால் இணைப்பு உறுதியாக இருக்கும். எல்இடியின் காலில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் சூட்டுக்கோலை வைக்காதீர்கள். வெப்பம் கால் வழியாக ஏறிச் சில்லைக் கெடுத்துவிடும். பற்றவைக்க வசதி இல்லையென்றால் வயரின் மேலுறையை இரண்டு சென்டிமீட்டர் நீக்கி, உள்ளே இருக்கும் கம்பி இழைகளைக் காலைச் சுற்றி இறுக முறுக்கி, மேலே டேப் சுற்றுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக டேப் சுற்ற வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. எல்இடியின் இரு கால்களும் உள்ளே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் விளக்கு அணைந்துவிடும், செல் மட்டும் மின்தடையைச் சூடாக்கிக்கொண்டு தீர்ந்துகொண்டிருக்கும். அதைவிட ஆபத்தானது ஹோல்டரின் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் நேராகத் தொட்டுக்கொள்வது. செல்கள் சுட ஆரம்பிக்கும், கசியவும் கூடும். இணைக்கும் வேலை முடியும் வரை செல்களை ஹோல்டருக்கு வெளியே வைத்திருங்கள்.

உடலுக்கு ஹோல்டர் நுழையும் அகலமுள்ள அட்டைக் குழாயோ, சிறு பிளாஸ்டிக் டப்பாவோ எதுவும் சரி. மூடியில் 5 மில்லிமீட்டர் துளை போட்டு எல்இடியை உள்ளிருந்து செருகினால் அதன் அடி விளிம்பு துளையில் தட்டி நின்றுகொள்ளும். பக்கவாட்டில் சுவிட்சுக்கு ஒரு சிறு நீள்துளை. எல்இடியைச் சுற்றி அலுமினியத் தாளால் கூம்பு செய்து வைக்கச் சொல்வார்கள். அழகுக்கு வைக்கலாம். 5 மில்லிமீட்டர் எல்இடியின் குவிந்த தலையே ஒளியை முன்பக்கம் குவித்து அனுப்பிவிடுகிறது. பக்கவாட்டில் சிதறுவது குறைவு என்பதால் கூம்புக்குப் பெரிய வேலை இல்லை. இழை பல்பு எல்லாப் பக்கமும் ஒளி வீசியதால் அதற்குக் கண்ணாடிக் கிண்ணம் அவசியமாக இருந்தது.

எரியாவிட்டால் பதறாதீர்கள். எல்இடியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பாதிக் கோளாறு அதோடு தீர்ந்துவிடும். அடுத்து செல்களைப் பாருங்கள். மூன்றில் ஒன்று தலைகீழாக இருந்தால் மொத்தம் 1.5 வோல்ட்தான் மிஞ்சும், ஏனென்றால் ஒன்று மற்றொன்றை அடித்துவிடுகிறது. அதுவும் சரி என்றால், சுவிட்சைத் தாண்டி ஒரு வயர்த்துண்டால் அதன் இரு கால்களையும் இணைத்துப் பாருங்கள். இப்போது எரிந்தால் கோளாறு சுவிட்சில். ஹோல்டரின் உலோகத் தகட்டில் பச்சையாகவோ வெள்ளையாகவோ ஏதாவது படிந்திருந்தால் துடைத்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம் எரியும்

வோல்ட், ஓம் போன்றவற்றை அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்து பாருங்கள். விளக்கு எரியும்போது மின்தடையின் இரு முனைகளிலும் வோல்ட் அளவைப் பாருங்கள். 68 ஓம் மின்தடையில் 1.3 வோல்ட் காட்டினால், 1.3-ஐ 68-ஆல் வகுத்தால் 0.019, அதாவது 19 மில்லிஆம்பியர் ஓடுகிறது. வளையத்தை எங்கும் வெட்டாமலே ஓட்டத்தை அளந்துவிட்டோம். காகிதத்தில் போட்ட கணக்கு கருவியின் திரையில் எண்ணாக வந்து நிற்பதைப் பார்க்கும்போதுதான் ஓம் விதி சொந்தமாகிறது.

ஏஏ அளவு அல்கலைன் செல் ஒன்று குறைந்த ஓட்டத்தில் 2000 மில்லிஆம்பியர் மணிக்குக் குறையாமல் தரும். ஓட்டத்தை அது ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் வருவதே இந்த அளவு, இதுதான் செல்லின் கொள்ளளவு. அதை 20-ஆல் வகுத்தால் 100 மணி நேரம். மூன்று செல்கள் தொடராக இருப்பதால் வோல்ட்தான் மூன்று மடங்காகிறது, இந்த 2000 அப்படியே இருக்கும் என்பதைக் கவனியுங்கள். 300 மில்லிஆம்பியர் இழுக்கும் பழைய இழை பல்புக்கு இதே செல்கள் ஆறேழு மணி நேரம்தான் தாங்கும். இன்னொரு நல்ல விஷயம்: செல்களின் வோல்ட் குறையக் குறைய ஓட்டமும் குறைவதால் நம் டார்ச் பட்டென்று அணையாது. ஒவ்வொரு செல்லும் 1.2 வோல்ட்டுக்கு இறங்கிய நிலையிலும் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். மின்வெட்டில் இந்தக் குணம் பெரிய உதவி.

ஏஏஏ எனப்படும் மெல்லிய செல்களிலும் இதே சுற்று வேலை செய்யும், ஆனால் கொள்ளளவு ஏறக்குறைய பாதிதான். மறுமின்னேற்றம் செய்யக்கூடிய நிக்கல் செல்கள் தலா 1.2 வோல்ட்தான் தரும். அவற்றில் நான்கைப் போட்டு 4.8 வோல்ட்டாக்கி, 82 ஓம் மின்தடை வையுங்கள். பழைய செல்லையும் புதிய செல்லையும் கலந்து போட வேண்டாம்.

சதுரமான 9 வோல்ட் பேட்டரியைப் பயன்படுத்தச் சொல்லும் குறிப்புகளும் நிறைய உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. எல்இடிக்கு 3.2 வோல்ட் போக, மீதி 5.8 வோல்ட் மின்தடையில் சூடாக வீணாகிறது. பேட்டரியின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒளியாக முயற்சிக்கக்கூட வாய்ப்பில்லாமல் போகிறது. கொள்ளளவும் 500 மில்லிஆம்பியர் மணியை ஒட்டித்தான். அந்தப் பேட்டரிதான் இருக்கிறது என்றால் இரண்டு எல்இடிகளைத் தொடராக இணைத்து 150 ஓம் போடுங்கள். அதே ஓட்டத்தில் இரண்டு மடங்கு ஒளி கிடைக்கும்.

வெளிச்சம் போதவில்லை என்றால்

ஒற்றை எல்இடி படிக்கட்டில் இறங்கவும் புத்தகம் படிக்கவும் போதும்; தொலைவில் இருப்பதைக் காட்டாது. கூடுதல் வெளிச்சத்துக்கு மூன்று எல்இடிகளைப் பக்கவாட்டாக, அதாவது ஒவ்வொன்றும் செல்களுக்குத் தனித்தனிப் பாதையாக அமையும்படி இணைக்கலாம். அப்போது மூன்றுக்கும் பொதுவாக ஒரே மின்தடையை வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்த எல்இடிகள்கூடத் துல்லியமாக ஒரே வோல்ட்டில் எரிவதில்லை. சற்றுக் குறைந்த வோல்ட்டில் எரிவது மற்றவற்றின் பங்கையும் தானே இழுத்துக்கொண்டு சீக்கிரம் கெட்டுப்போகும். ஒவ்வொரு எல்இடிக்கும் தனி மின்தடை வேண்டும். மொத்த ஓட்டம் 60 மில்லிஆம்பியர் ஆகிவிடுவதால் 100 மணி நேரம் 33 மணி நேரமாகக் குறையும்.

ஒரு வாட் எல்இடிக்குப் போக விரும்பினால் கணக்கு அதேதான், எண்கள் மாறும். அது இழுப்பது 350 மில்லிஆம்பியர் வரை. 1.3-ஐ 0.35-ஆல் வகுத்தால் 3.7, புழக்கத்தில் உள்ள மதிப்பு 3.9 ஓம். இங்கே மின்தடையில் வெளியேறும் வெப்பம் ஏறக்குறைய அரை வாட் என்பதால் கால் வாட் மின்தடை கருகிவிடும், ஒரு வாட் மின்தடையை வாங்க வேண்டும். எல்இடியின் முதுகையும் ஓர் அலுமினியத் தகட்டில் வெப்பம் கடத்தும் பசையோடு பொருத்துங்கள். அந்தத் தகடு இல்லாமல் சில நொடிக்கு மேல் எரியவிடக் கூடாது, எரியும்போது நேராக அதன் ஒளியைப் பார்க்கவும் கூடாது.